வாசல் வளைவும் வகுப்பறை அலுமாரியும்

நல்லூர் நாவலர் பிறந்த ஊர். அவருக்கு மண்டபம் எழுப்பினோம், சிலை வைத்தோம், ஆண்டுதோறும் குருபூசை நடத்துகிறோம், மேடையேறிப் புகழ்கிறோம். ஆனால் அவர் செய்த வேலையை இன்று செய்வார் யார்?

1848 ஆம் ஆண்டு சம்பள உத்தியோகத்தைத் துறந்து வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார் ஆறுமுக நாவலர். பிள்ளைகளின் கையிற் கொடுக்கத் தக்க புத்தகம் வேண்டியிருந்தது. அமெரிக்க மிஷனாரிடம் மானிப்பாயில் அச்சகம் இருந்தது. அவரிடம் ஒன்றும் இல்லை. யாரேனும் தரட்டும் என்று காத்திருந்தாரா? இல்லை. 1849 இல் கடல் கடந்து சென்னை சென்றார், அச்சியந்திரத்தோடு திரும்பினார், படிப்படியாக ஏறும் பாலபாட நூல்களை எழுதி அச்சிட்டார். ஆரம்ப வகுப்புக்கான சாதனம் ஆசிரியன் கையிலே பிறக்கவேண்டும் என்பதே அவ்வரலாறு நமக்குப் புகட்டும் பாடம்.

இன்றைய நிலை என்ன? 1980 முதல் பாடநூல் இலவசமாகக் கிடைக்கிறது. அது பெரும்பேறு, மறுப்பார் இலர். ஆயினும் பாடநூல் மட்டும் வகுப்பறை ஆகிவிடுமா? முதலாந் தரப் பிள்ளைக்கு எழுத்தட்டை வேண்டும்; எண்ணிப் பழக மணிகள் வேண்டும்; தானே புரட்டிப் பார்க்கப் படக்கதை வேண்டும். மட்டையும் வர்ணமும் வாங்கி, இரவில் விழித்திருந்து இவற்றைச் செய்பவர் ஆசிரியை. செலவும் பெரும்பாலும் அவருடையதே. அவர் இடமாற்றம் பெற்றாலோ, இளைப்பாறினாலோ, பல்லாண்டு பட்டறிவிற் பிறந்த அச்சாதனங்கள் மூலையிற் கிடந்து கறையானுக்கு இரையாகின்றன. அடுத்து வருபவர் மீண்டும் முதலிலிருந்து தொடங்குகிறார்.

கடைத்தெருவிலோ ஐந்தாந் தரப் புலமைப்பரிசிற் பரீட்சைக்கான மாதிரி வினாத்தாள்கள் மலைபோற் குவிந்துள்ளன. சரளமாக வாசிக்கக் கற்கும் முன்னரே பிள்ளை விடையின் கீழ்க் கோடிடக் கற்கிறது. எது விலைபோகிறதோ அதுவே கல்வி என்றாகிவிட்டது!

இதற்கு மாற்று இல்லையா? தமிழகத்தைப் பாருங்கள். 2003 ஆம் ஆண்டு சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றிலே செயல்வழிக் கற்றல் தொடங்கிற்று. ஆந்திரத்து ரிஷிவேலியார் கிராமப் பள்ளிகளுக்கென ஆக்கிய முறையை அடியொற்றி, பாடங்கள் சிறு சிறு அட்டைகளாயின; பிள்ளைக்கு எட்டும் உயரத்தில் அடுக்கப்பட்டன. பிள்ளை எழுதுவதற்குச் சுவரின் அடியிலே கரும்பலகை அமைந்தது. சில ஆண்டுகளில் மாநிலமெங்கும் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு அது பரவிற்று. அம்முறையிற் குறை கண்டோரும் உண்டு. எனினும், ஒரு வகுப்பறையிற் பயன்பட்ட சாதனத்தை அச்சேற்றி ஆயிரம் வகுப்பறைக்குப் பொதுவாக்கலாம் என்பது மெய்யாயிற்று.

பணம் இல்லை என்று சொல்லாதீர்கள். பெரிய கல்லூரிகளின் பழைய மாணவர் சங்கங்கள் இங்கும் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் இயங்குகின்றன. அவற்றின் நன்கொடையால் வாசல் வளைவு எழும்புகிறது, விளையாட்டரங்கு எழும்புகிறது. நன்று. ஆனால் நாற்றுமேடையை வாடவிட்டுத் தோட்டத்துக்கு வேலி கட்டும் கமக்காரன் உண்டா? ஆரம்பப் பாடசாலை நாற்றுமேடை அன்றோ?

செய்யவேண்டியவை மூன்று. முதலாவது, நல்லூர்க் கல்விக் கோட்டத்தில் ஒரு சாதன நிலையம். ஆசிரியர்கள் செய்தவற்றின் மாதிரிகளைச் சேர்த்து, படியெடுத்து, கேட்கும் பாடசாலைக்கு அது வழங்கவேண்டும். 2005 முதல் தமிழ் நூல்களை மின்வடிவிற் காத்துவரும் நூலகம் நிறுவனம் காட்டிய வழியில் அவற்றை இணையத்திலும் இட்டால், வன்னியிலும் மலையகத்திலும் உள்ள ஆசிரியர்களும் எடுத்தாள்வர்.

இரண்டாவது, உத்தியோகத்தர் கடமை. வைத்தியரும் பொறியியலாளரும் கணக்காளரும் ஆளுக்கு ஒரு சிறு பாடசாலையைத் தேர்ந்து, அதன் ஒரு வகுப்பறைக்கு ஓர் அலுமாரியும் ஐம்பது கதைப் புத்தகங்களும் கொடுக்கட்டும். அலுமாரி பூட்டிவைப்பதற்கு அன்று. பிள்ளை கைநீட்டி எடுப்பதற்கு.

மூன்றாவது, கமக்காரர் கடமை. எண்ணுவதற்குப் புளியங்கொட்டையும், பின்னுவதற்குப் பனையோலையும், முளைக்கவைத்துப் பார்ப்பதற்குப் பயறும் அவர்களிடம் உண்டு. ஆண்டில் ஒரு நாளாவது பிள்ளைகளைத் தோட்டத்துக்கு அழைத்து, வாய்க்காலும் வரம்பும் காட்டட்டும். எந்தக் கடையிலும் விலைக்கு வாராத பாடம் அது.

அரசாங்கத்தின் கடமையை நாம் தலையில் ஏற்று அதனை விடுவிப்போம் என்பதன்று நம் கருத்து. ஆரம்ப ஆசிரியரின் சாதனச் செலவைப் பொது நிதி தாங்கவேண்டும் என்று வலயப் பணிமனையிடமும் மாகாணத் திணைக்களத்திடமும் உரிமையோடு கேட்போம். ஆனால் கேட்டபின் கைகட்டி நிற்கவேண்டாம். இந்த ஆண்டு முதலாந் தரத்திற் சேர்ந்த பிள்ளைக்கு இந்த ஆண்டு மீண்டும் வாராது.

பிடியரிசி சேர்த்துப் பள்ளிக்கூடம் வளர்த்தவர் நம் முன்னோர். அவர் வழிவந்த நமக்கு ஓர் அலுமாரி பாரமா?