கணினி பார்க்கும் ஜோசியம்

காலை நடையில் நண்பர் ஒருவர் கேட்டார்: "எந்த வீட்டில் குழந்தைக்கு ஆபத்து என்று கணினியே மதிப்பெண் போட்டுவிடுமாமே சார். உங்கள் காலத்தில் இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!"

குழந்தைகள் பாதுகாப்புப் பணியில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். அப்போது சிரித்துவிட்டு வந்தேன். பதிலை இங்கே எழுதுகிறேன்.

அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் நகரம் அமைந்த அலெகேனி மாவட்டத்தில் 2016 முதல் இது நடக்கிறது. ஒரு வீட்டைப் பற்றித் தொலைபேசியில் புகார் வந்ததும், கணினி அரசுப் பதிவேடுகளைத் துழாவி 1 முதல் 20 வரை ஓர் எண் தரும். அது எதைக் கணிக்கிறது? குழந்தை அடிபடுமா என்பதை அல்ல. இரண்டு ஆண்டுக்குள் அதிகாரிகள் குழந்தையை வீட்டிலிருந்து பிரிப்பார்களா என்பதை! அதாவது குழந்தையின் விதியை அல்ல, எங்கள் கையெழுத்தை.

அந்தக் கையெழுத்தின் லட்சணத்தைச் சொல்கிறேன். ஒருமுறை விசாரணைக்குப் போனேன். குடிசை, குடிகாரத் தகப்பன், அணைந்த அடுப்பு. அரை மணி நேரத்தில் முடிவு செய்து, குழந்தையை இல்லத்தில் சேர்க்கப் பரிந்துரை எழுதினேன். சேர்த்தார்கள். அந்தத் தாய் ஏழு மாதம், ஞாயிறு தவறாமல் இல்லத்து வாசலில் நின்றாள்.

பிறகு சக ஊழியர் ஒருவர் அங்கே போனார். பக்கத்து வீட்டுப் பாட்டியிடம், "அவன் குடித்துவிட்டு வரும் இரவுகளில் குழந்தை எங்கே படுக்கும்?" என்று கேட்டார். "என் பக்கத்தில்தான். எப்போதும் அப்படித்தான்" என்றாள் பாட்டி. குழந்தை வீடு திரும்பியது. அந்தக் கேள்வி என் படிவத்தில் இல்லை, எனக்கும் தோன்றவில்லை. வறுமையை ஆபத்து என்று படித்துவிட்டேன்.

இப்போது யோசியுங்கள். அன்று கணினி அந்த வீட்டுக்கு 20 போட்டிருந்தால், நான் குழந்தையைப் பிரித்ததும் "கணிப்பு பலித்தது" என்று கணக்கு எழுதியிருப்பார்கள். என் தவறு அதற்குப் பாடமாகியிருக்கும். அதோடு, அரசு உதவி வாங்கும் ஏழைதான் பதிவேட்டில் நிறைய இருப்பான். காசு கொடுத்துத் தனியாரிடம் போகிறவன் வீட்டு அடி, உதை அதில் ஏறாது. இதே போன்ற கருவியை வைத்திருந்த ஆரிகன் மாநிலம் 2022-இல் அதைக் கைவிட்டது.

மனிதக் கண் தவறாது என்று நான் சொல்லவில்லை. என் கண்ணே தவறியது. ஆனால் அதைத் திருத்தியது இன்னொரு மனிதக் கண். நம் இளைஞர் நீதிச் சட்டமும் இல்லத்தில் சேர்ப்பதைக் கடைசி வழியாகத்தான் வைக்கிறது. கணினிக்குக் கொட்டும் பணத்தில் இரண்டாவது ஆளை அனுப்புங்கள். பாட்டியிடம் உட்கார்ந்து பேச அவருக்கு ஒரு மணி நேரம் கொடுங்கள்.