பிர்கா எல்லையும் பாறைப் பிளவும்

திண்டுக்கல் சமவெளியில் ஒரு தோட்டத்து ஆழ்குழாய்க் கிணறு கோடையிலும் நீர் தரும். வரப்புக்கு அப்பால் அதைவிட ஆழமாகத் துளைத்தாலும் கல்தூசிதான் பறக்கும். இதை விவசாயியின் அதிர்ஷ்டக் கணக்கில் எழுதிவிடுகிறோம். ஆனால் காரணம் பாறையில் இருக்கிறது. சிறுமலைக்கும் கீழ்ப்பழனி மலைக்கும் இடைப்பட்ட இந்த நிலம் சார்னோக்கைட், நைஸ் ஆகிய கடினப் பாறைகளின் மேல் கிடக்கிறது. காவிரிப் படுகை மணலைப்போல இவற்றுக்குள் நீர் ஊறி நிற்க இடமில்லை. மேலே சிதைந்த அடுக்கிலும், அதன் கீழ் போர் போடுபவர்கள் ‘கேப்’ என்று சொல்லும் வெடிப்புகளிலும் மட்டுமே நீர் தங்கும். ஆகவே இங்கே நிலத்தடி நீரைச் செறிவூட்டச் செலவிடும் பணம், பிளவுகள் ஓடும் திசையை அறிந்து செலவிடப்பட வேண்டும். நாமோ பிர்கா, ஊராட்சி, ஒன்றியம் என்ற எல்லைகளுக்குள் நீரைக் கணக்கிட்டு, அதே எல்லைகளுக்குள் நிதியைப் பங்கிட்டுக்கொண்டிருக்கிறோம்.

இருப்பு எவ்வளவு குறைவு என்பதை முதலில் பார்க்க வேண்டும். நிலத்தடி நீர் மதிப்பீட்டுக் குழு 1997-இல் வகுத்த அளவுகோலின்படி, களிமண் மிகுந்த சிதைந்த நைஸ் பாறையில் வடித்தெடுக்கக்கூடிய நீர், பாறையின் கன அளவில் 1.5 சதவீதம், வெடிப்பு குறைந்த திண்மையான பாறையில் 0.3 சதவீதம். ஒரு ஏக்கர் பரப்பில் ஒரு மீட்டர் கனமுள்ள முதல் வகைப் பாறை ஏறத்தாழ 60,000 லிட்டர் தரும்; இரண்டாம் வகை 12,000 லிட்டர்தான் தரும். மழையில் நிலத்துக்குள் இறங்கும் பங்கும் அப்படியே வேறுபடுகிறது: நைஸ் பகுதியில் 8 முதல் 11 சதவீதம், சார்னோக்கைட்டில் 5 சதவீதம், திண்மையான பாறையில் 1 சதவீதம். அருகருகே கிடக்கும் இரண்டு பாறைகளுக்கு இடையே இத்தனை வேறுபாடு இருக்கும்போது, ஒரு பிர்கா முழுவதற்கும் ஒரே சராசரியைச் சொல்வது உண்மையை மறைத்துவிடும்.

பிளவு என்றாலே நீர்வழி என்று எண்ணுவதும் தவறு. பாறைகள் உரசி நகர்ந்த இடத்தின் நடுப்பகுதி மாவாக அரைபட்டுக் களிமண்போல் இறுகிவிடும். அதன் இருபுறமும் நொறுங்கிய பாறை நீரை எளிதில் கடத்தும். அதனால் ஒரே பிளவு குறுக்கே வரும் நீருக்கு அணையாகவும், நெடுக்கே ஓடும் நீருக்கு வாய்க்காலாகவும் அமையக்கூடும். கலிஃபோர்னியாவின் கோச்செல்லா பள்ளத்தாக்கில் சான் ஆண்ட்ரியாஸ் பிளவு நிலத்தடி நீரை மறித்து மேலே தள்ளுவதால், பாலைவனத்தின் நடுவே அந்தப் பிளவை ஒட்டியே பனைகள் வளர்ந்து நிற்கின்றன. டெக்சாஸின் எட்வர்ட்ஸ் நீரகத்திலோ பால்கோன்ஸ் பிளவு மண்டலத்தின் வெடிப்புகள் வழியாகவே ஓடை நீர் பெருமளவு உள்ளே இறங்குகிறது. தமிழகக் கடினப் பாறையில் டாலரைட் பாறைச் சுவர்கள் ஊடுருவிய இடங்களிலும் இதே கேள்வி எழும்: சுவர் நீரை நிறுத்துகிறதா, அதன் விளிம்பு வெடிப்பு நீரை நடத்துகிறதா? தடுப்பின் எந்தப் பக்கம் ஊறணி வெட்டுகிறோம் என்பதைப் பொறுத்தே எந்த ஊர்க் கிணறு நிறையும் என்பது முடிவாகும்.

நிலத்தடி நீர் மதிப்பீட்டுக் குழுவின் முறை, 20 சதவீதத்துக்கு மேல் சரிவுள்ள மலைப்பகுதியைச் செறிவூட்டும் பரப்பிலிருந்து விலக்கிவிடுகிறது. செங்குத்துச் சரிவில் மழை நீர் நிற்காமல் ஓடிவிடும் என்பதால் இது நியாயமான விதிதான். ஆனால் மலையில் பெய்யும் மழையில் ஒரு பங்கு வெடிப்புகளில் இறங்கி அடிவாரம் நோக்கி வரக்கூடும். ஓடைகள் சமவெளியைத் தொடும் இடத்திலும் நீர் உள்ளே இறங்கும். சிறுமலை அடிவாரமும், குடகனாறு இறங்கி வரும் ஆத்தூர்ப் பகுதியும் அதனால் தனி ஆய்வுக்கு உரியவை. ‘இருக்கும் குளங்களைத் தூர்வாரினால் போதாதா?’ என்று கேட்பவர்கள் உண்டு. தூர்வாரத்தான் வேண்டும், பாசனத்துக்கும் கால்நடைக்கும் குளம் தேவை. ஆனால் வண்டல் இறுகிய குளத்தின் நீர் பெரிதும் ஆவியாகிவிடும். படுகைக்கு அடியில் வெடிப்பு எங்கே திறந்திருக்கிறது என்று அறிந்து அங்கே செறிவூட்டும் துளை அமைத்தால், அதே குளம் கிணறுகளுக்கும் உதவும்.

நீரை அனுப்பும் வழி நஞ்சையும் அனுப்பும் என்பதால் இந்தப் பேச்சு இன்னும் முக்கியமாகிறது. தோல் பதனிடும் ஆலைகளின் கழிவு குறித்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28-இல் தீர்ப்பளித்தது. திண்டுக்கல், ரெட்டியார்சத்திரம் ஒன்றியங்களின் 13 கிராமங்களில் இருந்த 467 கிணறுகளில் 350 மாசுபட்டதாகக் கூறிய ஆய்வையும் அத்தீர்ப்பு எடுத்துரைத்தது. மணற்படுகையில் மாசு ஓரளவு பரவலாக நகரும். வெடிப்புப் பாறையிலோ ஒரு திசையில் விரைந்தும் மறு திசையில் மெல்லவும் செல்லும். ஆலையிலிருந்து இத்தனை மீட்டர் என்று வட்டம் போட்டுக் காக்கும் முறை இங்கே போதாது. கழிவுத் தடம் உள்ள வெடிப்பின் மேல் செறிவூட்டும் துளை போட்டால், நன்மை செய்ய வந்த திட்டமே மாசை அடுத்த ஊருக்குத் தள்ளக்கூடும்.

பிளவுகளை வரைபடமாக்கும்போது, செயற்கைக்கோள் படத்தில் தெரியும் கோடெல்லாம் பிளவாகாது என்று புவியியலாளர்கள் எச்சரிப்பது சரியே; சாலையும் வரப்பும்கூட அப்படித் தெரியலாம். அதனால்தான் படத்தோடு நிறுத்தாமல் மின்தடை ஆய்வு, கிணறுகளின் நீர்மட்டம், போர் போடும்போது கிடைக்கும் ஆழக் குறிப்புகள் ஆகியவற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். வரைபடத்தை வெளியிட்டால் எல்லோரும் பிளவின் மேலேயே துளைப்பார்கள் என்பது இதைவிடக் கடினமான ஆட்சேபம். அந்த அச்சம் உண்மையானது. ஆனால் வசதியுள்ளவர் இன்றே தனியாக ஆய்வு செய்து துளைக்கிறார். வரைபடத்தை மறைத்துவைத்தால் சிறு விவசாயி மட்டுமே இருட்டில் இருப்பார். 2003-இல் தமிழகம் இயற்றிய நிலத்தடி நீர்ச் சட்டம் நடைமுறைக்கு வராமலேயே 2013-இல் நீக்கப்பட்டது. அந்த வெற்றிடத்தை நிரப்பும் புதிய சட்டம், முக்கியப் பிளவுகளை ஒட்டி நீர் எடுப்பதற்கும் கழிவு விடுவதற்கும் வரம்பு விதிக்க வேண்டும்.

மத்திய நிலத்தடி நீர் வாரியம் 2012-இல் தொடங்கிய தேசிய நீரக வரைபடப் பணி இதற்கு அடித்தளம் தந்திருக்கிறது. அதைக் கிராம அளவுக்கு நுணுக்கி, தமிழில் வெளியிட்டு, கிராம சபையின் முன் வைப்பது மாநில அரசின் கடமை. அந்த வரைபடத்தில் இடம் காட்டப்படாத எந்தத் தடுப்பணைக்கும் செறிவூட்டும் துளைக்கும் திண்டுக்கல்லில் இனி நிதி ஒதுக்கக் கூடாது.