கமாண்டோக்களுக்கு ஒரே தலைமை வேண்டும்

தஞ்சாவூர் விமானப்படைத் தளத்தில் 2020 ஜனவரி 20 அன்று ‘டைகர்ஷார்க்ஸ்’ எனப்படும் 222-ஆவது படைப்பிரிவு சுகோய்-30 விமானங்களுடன் நிலைகொண்டது. பிரமோஸ் ஏவுகணையால் நடுக்கடலில் போர்க்கப்பலையே தாக்கவல்ல விமானங்கள் அவை. இலங்கையின் அம்பாந்தோட்டைத் துறைமுகம் 2017-இல் 99 ஆண்டுக் குத்தகைக்குச் சீன நிறுவனத்திடம் போன பிறகு, தென்கடலுக்கு இந்த வலிமை தேவைதான். ஆனால் 2008-இல் மும்பைக்கு வந்த ஆபத்து போர்க்கப்பலில் வரவில்லை. கடத்தப்பட்ட மீன்பிடிப் படகில் வந்தது. கோடியக்கரையிலும் வேதாரண்யத்திலும் அப்படியொரு படகை ஏவுகணை தடுக்காது. அதற்குச் சிறப்புப் படைகள் வேண்டும். அவை தனித்து இயங்கினால் என்ன ஆகும் என்பதை நம் எதிர்க்கரையே காட்டியிருக்கிறது.

1987 அக்டோபர் 11 இரவு, விடுதலைப் புலிகளின் தலைமையைப் பிடிக்க யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தில் இந்திய அமைதிப்படையின் பாரா கமாண்டோக்களும் சீக்கிய இலகு காலாட்படையினரும் ஹெலிகாப்டரில் இறக்கப்பட்டார்கள். நம் வானொலி உரையாடலை ஒட்டுக்கேட்டுப் புலிகள் காத்திருந்தார்கள். ஹெலிகாப்டர்கள் மீது குண்டுகள் பாய்ந்தன, பின்னால் வரவேண்டிய வீரர்கள் வரவே இல்லை. இறங்கிய 30 சீக்கிய வீரர்களில் 29 பேர் மாண்டார்கள், ஒருவர் சிறைப்பட்டார். கமாண்டோக்களை மீட்க டாங்கிகள் போக வேண்டியதாயிற்று. அந்த வீரர்களின் துணிவில் குறையில்லை. உளவும் வானமும் தரையும் ஒன்றுசேராததுதான் அவர்களைக் கொன்றது.

மறு ஆண்டு நவம்பரில் மாலத்தீவில் நடந்தது நேர்மாறு. ஆட்சியைக் கவிழ்க்க வந்தவர்களை முறியடிக்க, ஆக்ராவிலிருந்து பாராசூட் படையினரை விமானப்படை அன்றிரவே கொண்டு இறக்கியது. தப்பியோடிய கப்பலைக் கடற்படை மடக்கியது. அடுத்து அப்படிக் கவிழ்க்க நினைப்பவன் யோசிப்பான். எதிரியைத் துணியவிடாத வலிமை என்பது இதுதான்.

சிறப்புப் படைகளுக்குத் தனிக் கட்டளையகம் வேண்டும் என்று நரேஷ் சந்திரா குழு 2012-இல் பரிந்துரைத்தது. 2019-இல் கிடைத்ததோ ஒரு டிவிஷன் மட்டுமே. தரைப்படையின் பாரா, கடற்படையின் மார்க்கோஸ், விமானப்படையின் கருட் வீரர்களில் பெரும்பாலோர் இன்றும் அவரவர் படையின் கீழேயே இருக்கிறார்கள். தேர்ந்த வீரர்களை விட்டுக்கொடுக்க முப்படைகளுக்கும் மனம் வராது. அந்தத் தயக்கம் நமக்குப் புரிகிறது. பயிற்சியும் ஆள்சேர்ப்பும் அவரவரிடமே இருக்கட்டும். நடவடிக்கைக்கு ஆணையிடும் அதிகாரம் மட்டும் ஒரு கையில், சொந்த விமானத்தோடும் உளவுப் பிரிவோடும் இருக்கவேண்டும்.

இந்த ஒருங்கிணைப்பில் மீனவரை விட்டுவிட முடியாது. 2022 அக்டோபரில் நம் கடற்படையே சுட்டதில் மயிலாடுதுறை மாவட்ட மீனவர் ஒருவர் காயமடைந்தார். நிற்கச் சொல்லியும் படகு நிற்கவில்லை என்றது கடற்படை. சொந்தப் படகை அடையாளம் காண முடியாத படை, அந்நியப் படகை எப்படிக் காணும்? கடலில் புதிய முகத்தை முதலில் பார்ப்பவர் மீனவர்தான். அவர் நம்பிப் பேசக்கூடிய வழி இந்தக் கரையில் வேண்டும்.

ஒன்றிய அரசு அந்த டிவிஷனை முழுக் கட்டளையகமாக உயர்த்தவேண்டும். ஓடுதளமும் போர் விமானங்களும் உள்ள தஞ்சாவூரில் அதன் நிரந்தரப் பிரிவு ஒன்றை அமைக்கவேண்டும்.