தங்கம் போனது, தூசி தங்கியது: கோலார் தங்கவயல் கேட்கும் பங்கு

கோலார் தங்கவயலில் 13 கழிவுக் குன்றுகள் நிற்கின்றன. பாறையைப் பொடித்து, சயனைடு கொண்டு தங்கத்தைப் பிரித்தபின் மிஞ்சிய மண் அது. 'சயனைடு மலை' என்றே ஊரார் அழைக்கின்றனர். சுமார் 3.3 கோடி டன் கொண்ட அக்குன்றுகளில் எஞ்சியுள்ள தங்கத்தை எடுக்கும் ஒன்றிய அரசின் திட்டத்திற்குக் கர்நாடக அமைச்சரவை 2024 ஜூனில் ஒப்புதல் அளித்தது. அவற்றின் அடிவாரத்தில் வாழ்வோருக்கு இதில் என்ன பங்கு என்பதே நம் கேள்வி.

1880இல் ஜான் டெய்லர் நிறுவனம் இங்கே கால்பதித்தது. வட ஆற்காடு, சேலம், சித்தூர்ப் பகுதிகளிலிருந்து பஞ்சத்தாலும் பண்ணையடிமை முறையாலும் விரட்டப்பட்ட தலித் மக்களே சுரங்கத்தின் உழைப்புப் படையாயினர். கடல்மட்டத்திலிருந்து 800 மீட்டருக்கு மேல் அமைந்த ஊரின் மிதமான தட்பவெப்பம் ஆங்கிலேயருக்கு இதமாக இருந்தது. பங்களாக்களும் கிளப்பும் கோல்ஃப் மைதானமும் அமைத்து, 'குட்டி இங்கிலாந்து' என்றனர். அதே ஊரில் சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே இறங்கியது. அந்த ஆழத்தில் பாறையின் வெப்பம் 60 டிகிரி செல்சியஸைத் தாண்டும். பாறைவெடிப்பும், சிலிக்கா தூசியால் வரும் நுரையீரல் நோயும் அங்கே உயிர்களைக் குடித்தன. ஒரே ஊரில் இரு தட்பவெப்பங்கள். யாருக்கு எது என்பதைச் சாதியும் நிறமும் தீர்மானித்தன.

ஆயினும் இம்மக்கள் வெறும் கூலிகளாக வாழவில்லை. அயோத்திதாசரின் பௌத்த சங்கம் மாரிக்குப்பத்தில் வேரூன்றியது. அவர் மறைவுக்குப் பின் அவருடைய எழுத்துகளை நூல்களாக்கிக் காத்தவர்கள் தங்கவயல் பௌத்தர்களே. இன்று நாம் அயோத்திதாசரைப் படிப்பதில் அவர்களின் கூலிக்காசும் கலந்திருக்கிறது.

சுமார் 800 டன் தங்கம் தந்த சுரங்கத்தைப் பொதுத்துறை நிறுவனம் 2001 பிப்ரவரி 28 அன்று மூடியது. அன்றுமுதல் ஆயிரக்கணக்கானோர் அதிகாலை ரயிலேறிப் பெங்களூரில் கூலிவேலை செய்து இரவில் திரும்புகின்றனர். காற்றடிக்கும் காலத்தில் குன்றுகளின் தூசி வீடுகளுக்குள் புகுகிறது. மழை அதை நீர்நிலைகளுக்கு இழுத்துச் செல்கிறது.

குன்றுகளை மீண்டும் கிளறினால் அத்தூசி மீண்டும் எழும். எனவே மண்ணில் கைவைக்குமுன் மக்களின் நுரையீரலையும் குடிநீரையும் அரசு பரிசோதிக்க வேண்டும். முடிவுகளை மக்கள்முன் வைக்க வேண்டும். வேலைகளில் சுரங்கத் தொழிலாளர் குடும்பங்களுக்கு முன்னுரிமையும், தலைமுறைகளாக வாழும் குடியிருப்புகளுக்குப் பட்டாவும் உறுதிசெய்யப்பட வேண்டும். அம்மண்ணை ஆழத்திலிருந்து மேலே கொண்டுவந்தவர்கள் இவர்களின் பாட்டன்மார். இது சலுகைக் கோரிக்கை அன்று. நிலுவையில் உள்ள கூலி.