ஏழு இருக்கைகளும் எமது கணக்கும்

ஜேர்மனியின் ஹம் நகரிலுள்ள காமாட்சி அம்பாள் ஆலயத் தேர்த்திருவிழாவன்று, சுற்றாடலில் தரித்து நிற்கும் வாகனங்களைச் சற்று நின்று பார்த்தவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பர். ஏழு இருக்கைகள் கொண்ட பெரிய வாகனங்கள் வரிசை வரிசையாக நிற்கும். சில ஸ்ருட்காட்டிலிருந்து நானூறு கிலோமீற்றருக்கு மேல் ஓடி வந்தவை. சில எல்லை தாண்டி வந்தவை. வெறுங்கையோடு வந்து இறங்கிய ஒரு சமூகம் இந்த நிலைக்கு உயர்ந்திருப்பது மகிழ்ச்சிக்குரியதே. ஆயினும் ஒரு கேள்வி எழுகிறது. இந்த வாகனங்களை நாம் எந்தக் கணக்கில் தெரிவு செய்தோம்?

எம்மவர் பலருக்கு வாகனம் என்றதும் நினைவில் வருவது கலியாண வீடும் கோவில் திருவிழாவுமே. சீட்டுப் பணத்தை முற்பணமாகக் கட்டி, மீதிக்கு வங்கிக் கடன் எடுத்து, ‘எல்லோரும் ஒன்றாகப் போகலாம்’ என்று பெரிய வாகனத்தை வாங்குகிறோம். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் கணவன், மனைவி, இரு பிள்ளைகள். அவர்களுடைய ஏழு இருக்கை வாகனத்தின் கடைசி வரிசை கடந்த ஓராண்டில் மூன்று முறைதான் விரிக்கப்பட்டது. மற்ற நாட்களில் ஒருவரோ இருவரோதான் அதில் பயணம் செய்தனர். வேலைத்தலம், பாடசாலை, கடை, சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளி என்பதே அதன் அன்றாட ஓட்டம். அந்த மூன்று நாட்களுக்காக ஆண்டு முழுவதும் கூடுதலான எரிபொருளும் காப்புறுதியும் தவணைப் பணமும் கட்டப்படுகின்றன.

ஆகவே வாங்குமுன் ஒரு கொப்பியை எடுத்து, கடந்த ஆண்டில் ஐந்து பேருக்கு மேல் சேர்ந்து பயணம் செய்த நாட்களை எழுதிப் பாருங்கள். அவை பத்துக்குள் அடங்கினால், அந்த நாட்களுக்குப் பெரிய வாகனமொன்றை வாடகைக்கு எடுப்பதே அறிவுடைமை. ‘பி’ வகுப்பு சாரதி அனுமதிப்பத்திரம் உள்ளவர், சாரதி தவிர எட்டுப் பேர்வரை ஏறக்கூடிய, 3.5 தொன்னுக்கு மேற்படாத வாகனத்தை ஓட்டலாம்.

‘வயதான பெற்றோர் எம்மோடு இருக்கிறார்களே, நான்கு பிள்ளைகள் இருக்கிறார்களே’ என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுடைய கேள்வி நியாயமானது. அக்குடும்பங்களுக்கு ஏழு இருக்கை தேவைதான். ஆனால் கடைசி வரிசையை விரித்த பின்பு டிக்கியில் எவ்வளவு இடம் மிஞ்சுகிறது என்பதை விற்பவரின் முன்னிலையிலேயே பார்க்க வேண்டும். பல வாகனங்களில் இரண்டு சிறு பைகளுக்கு மேல் கொள்ளாது. அத்தகைய குடும்பங்களுக்கு, பக்கக் கதவு இழுத்துத் திறக்கும் சிறிய வான் போன்ற வாகனமே பொருந்தும். முழங்கால் நோவுள்ள பெரியவர்கள் ஏறி இறங்குவதற்கும் அதுவே வசதி.

இடத்தை விட முக்கியமானது நிறை. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளின் வாகனப் பதிவுப் பத்திரத்தில் ‘எஃப்.2’ என்ற இடத்தில் அனுமதிக்கப்பட்ட மொத்த நிறையும், ‘ஜி’ என்ற இடத்தில் வாகனத்தின் சொந்த நிறையும் குறிக்கப்பட்டிருக்கும். முன்னதிலிருந்து பின்னதைக் கழித்தால் வருவதே நாம் ஏற்றக்கூடிய நிறை. சாரதிக்குரிய 75 கிலோ பொதுவாக ‘ஜி’யிலேயே சேர்க்கப்பட்டுள்ளது. உதாரணமாக, மீதி 550 கிலோ என்று வைத்துக்கொள்வோம். சாரதி நீங்கலாக ஆறு பெரியவர்கள், ஆளுக்கு 75 கிலோ வீதம், 450 கிலோ. எஞ்சுவது நூறு கிலோ. ஏழு பேருக்குப் பகிர்ந்தால் ஆளுக்குப் பதினான்கு கிலோ. பெட்டிகள், பலகாரம், கலியாணத்துக்குக் கொண்டுபோகும் பாத்திரங்கள் எல்லாம் இதற்குள் அடங்குமா? அளவுக்கு மீறிய பாரத்தோடு ஓடும் வாகனம் பிரேக் போட்டால் நிற்க அதிக தூரம் எடுக்கும். ரயர் சூடேறி வெடிக்கவும் கூடும். முழுப் பாரத்துக்குரிய காற்றழுத்தம் சாரதியின் கதவோரத்திலோ எரிபொருள் மூடியின் உட்புறத்திலோ எழுதப்பட்டிருக்கும். அதை வாசித்த எம்மவர் எத்தனை பேர்?

ஒரு காலத்தில் எமக்கு இந்தக் கணக்கெல்லாம் இருக்கவில்லை. 1990களில் பொருளாதாரத் தடையினால் பெற்றோல் அருமையாகிவிட்ட யாழ்ப்பாணத்தில், மண்ணெண்ணெயில் ஓடிய ஏ40 கார்களில் எத்தனை பேர் ஏறினோம் என்று எவரும் எண்ணவில்லை. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்தை விட்டு மக்கள் வெளியேறியபோது, எது கிடைத்ததோ அதில் ஏறினோம், கிடைக்காதவர் நடந்தனர். மடியில் பிள்ளையை வைத்திருந்தது அன்றைய நிர்ப்பந்தம். அதிவேகப் பாதையில் இன்றும் மடியில் பிள்ளையை வைத்திருப்பது வெறும் பழக்கம். நிர்ப்பந்தத்தை மன்னிக்கலாம், பழக்கத்தை எப்படி மன்னிப்பது?

ஜேர்மனியில் பன்னிரண்டு வயதுக்குட்பட்ட, 150 சென்ரிமீற்றருக்குக் குறைந்த உயரமுள்ள பிள்ளைகளுக்குச் சிறுவர் ஆசனம் கட்டாயம். மூன்று சிறு பிள்ளைகள் உள்ளவர்கள் மூன்று ஆசனங்களையும் விற்பனை நிலையத்துக்குக் கொண்டுபோய், நடு வரிசையில் பொருத்திப் பார்த்த பின்பே விலை பேச வேண்டும். பழைய வாகனம் வாங்குவோருக்கு இன்னொரு குறிப்பு. வழுக்கும் பாதையில் வாகனம் சுழலாமல் காக்கும் மின்னணுக் கட்டுப்பாடு, ஐரோப்பிய ஒன்றியத்தில் 2014 நவம்பரிலிருந்துதான் எல்லாப் புதிய கார்களுக்கும் கட்டாயமானது. அதற்கு முந்தியதை வாங்கினால் அது உண்டா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். முன்னால் மின்னும் இலச்சினையை விட இது பெறுமதியானது.

வாகனத்தைத் தெரிவு செய்யும்போது நாம் மறந்துவிடும் ஒருவர் இருக்கிறார். அவர் வீட்டுத் தலைவி. தந்தை இரவு வேலைக்குப் போகும் வீட்டில், காய்ச்சலில் துடிக்கும் பிள்ளையை மருத்துவரிடம் கொண்டு செல்பவர் தாயே. அவரால் நம்பிக்கையோடு ஓட்டவும் நிறுத்தவும் முடியாத வாகனம், எவ்வளவு பெரிதாயினும், குடும்ப வாகனமாகாது. அவருக்கு அனுமதிப்பத்திரம் இல்லையெனில், பெரிய வாகனத்துக்குக் கொடுக்கும் மேலதிகப் பணத்தில் முதலில் சாரதிப் பயிற்சி பெறச் செய்யுங்கள். நெடும்பயணத்தில் இரண்டாவது சாரதி ஒருவர் இருப்பதும் பெரும் பாதுகாப்பு. டோட்முண்டிலிருந்து பரிஸ் ஐந்நூறு கிலோமீற்றருக்கு மேல். ஐரோப்பிய விதிப்படி பாரவூர்திச் சாரதி நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் ஓய்வெடுக்க வேண்டும். இரவு வேலை முடித்து நித்திரையின்றிப் புறப்படும் தந்தைக்கு அத்தகைய விதி எதுவுமில்லை. அவர் தாமே தமக்கு விதித்துக்கொள்ள வேண்டும்.

புகலிட வழக்கு இன்னும் முடிவுறாத உறவுகளுக்கும் ஒரு சொல். இலங்கை அனுமதிப்பத்திரம் ஜேர்மனியில் வதிவிடம் கொண்ட பின் ஆறு மாதங்களுக்கே செல்லும். அதன் பின் எழுத்துப் பரீட்சையிலும் ஓட்டப் பரீட்சையிலும் சித்தியடைய வேண்டும். 1982இலிருந்து நீண்டகாலம் வாட்டிய பிரதேச எல்லைக் கட்டுப்பாடு, 2015 ஜனவரியிலிருந்து பொதுவாக முதல் மூன்று மாதங்களோடு நீங்குகிறது. வரவேற்பு முகாமில் வசிக்கும் கடப்பாடு உள்ளவரை அது தொடரும். ஆனால் நாட்டு எல்லையைக் கடக்கும் உரிமையைத் தற்காலிக வதிவிடப் பத்திரம் தருவதில்லை. உறவினரின் வாகனத்தில் ஓர் இருக்கை காலியாக இருக்கிறது என்பதற்காகப் பரிஸ் கலியாணத்துக்குப் புறப்பட்டு, வழக்கையே இழந்துவிடாதீர்கள். அழைப்பவர்களும் இதைச் சிந்திக்க வேண்டும்.

வாகனம் எமது உயர்வைப் பிறருக்குக் காட்டும் பொருளன்று. எமது பிள்ளைகளைக் காலையில் கொண்டுசென்று மாலையில் பத்திரமாக வீடு சேர்க்கும் பொருள். எத்தனையோ இழந்து இவ்வளவு தூரம் வந்த நாம், ஒரு கலியாண வீட்டுக்குப் போகும் பாதையில் எதையும் இழக்க வேண்டாம். வாங்குமுன் கணக்குப் பாருங்கள். புறப்படுமுன் நித்திரை கொள்ளுங்கள்.