இரண்டு அடிஷாம், ஒரு கேள்வி



போன மாதம் என் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சின்ன வேலை ஒன்று கொடுத்தேன். "உங்கள் தோட்டத்தின் பெயரை போனில் தேடுங்கள். என்ன படம் வருகிறது என்று கொப்பியில் எழுதி வாருங்கள்." பசறைப் பக்கத்துப் பிள்ளை ஒன்று இப்படி எழுதியிருந்தது: "தேயிலைப் பெட்டி வந்தது. பங்களா வந்தது. எங்கள் வீடு வரவில்லை சேர்."

கொப்பியில் சரி போட்டேன். ஆனால் அந்த வரி மனதை விட்டுப் போகவில்லை. அதனால்தான் இந்த நீண்ட பதிவு.

அப்புத்தளை அடிஷாம் பங்களாவைத் தெரியாதவர்கள் நம்மில் குறைவு. பாடசாலைச் சுற்றுலா போனால் அங்கே இறங்காமல் வருவதில்லை. ஜேம் போத்தல் ஒன்று வாங்காமல் திரும்புவதும் இல்லை. 1931இல் சேர் தோமஸ் வில்லியர்ஸ் கட்டிய வீடு அது. இப்போது பெனடிக்டைன் துறவிகளின் மடம். அந்தத் துரை பிறந்தது இங்கிலாந்தின் கெண்ட் பகுதியில், அடிஷாம் என்ற சிற்றூரில். ஊரை விட்டு வந்தவர், ஊர்ப் பெயரைக் கையோடு கொண்டு வந்துவிட்டார். பண்டாரவளைப் பக்கம் எயிஸ்லபி தோட்டம் இருக்கிறது. யோக்ஷயரிலும் ஓர் எயிஸ்லபி இருக்கிறது. ஊவா மலைகளில் இப்படிக் கடல் தாண்டி வந்த பெயர்கள் பல.

ஆக, பெயர் ஒன்று, ஊர் இரண்டு. படங்களில் என்ன நடந்திருக்கிறது என்று பாருங்கள்.

பிரித்தானியாவில் 2005இல் ஜியோகிராஃப் என்று ஒரு முயற்சி தொடங்கியது. நாட்டை ஒரு கிலோமீற்றர் சதுரங்களாகப் பிரித்து, ஒவ்வொரு சதுரத்துக்கும் படம் சேர்க்கிறார்கள். எடுப்பவர்கள் சாதாரண மக்கள். தேவாலயம், கோட்டை மட்டும் இல்லை. வயல் வேலி, பஸ் நிறுத்தம், சேற்றுப் பாதை எல்லாம் எடுக்கிறார்கள். எந்த இடம், எந்தத் திகதி என்று எழுதியும் வைக்கிறார்கள். கெண்டிலுள்ள ஒரு கிராமத்துச் சந்து எப்படி இருக்கும் என்று பதுளையில் இருந்தே பார்த்துவிடலாம்.

நம் அடிஷாமைத் தேடினால்? பங்களா. பங்களாவின் முன்பக்கம். பங்களாவின் பூந்தோட்டம். அதை ஒட்டிய காட்டுக்குத் தங்கமலை என்று பெயர். எவ்வளவு அழகான தமிழ்ப் பெயர்! அந்தப் பெயரைத் தலைமுறையாகச் சொல்லி வந்தவர்களின் வீட்டுப் படம் ஒன்றாவது கண்ணில் படுகிறதா?

"ஏன் சேர், கொழுந்து பறிக்கும் பெண்களை எல்லாரும் எடுக்கிறார்களே" என்று கேட்பீர்கள். உண்மைதான். லிப்டன் சீட்டுக்குப் போகும் பாதையில் நாள் முழுக்க எடுக்கிறார்கள். நானும் எடுத்தவன்தான். சில வருடங்களுக்கு முன் ஒரு அம்மா கூடையோடு நிற்பதைப் பாதையில் நின்று எடுத்து, "மலையகத்தின் அழகு" என்று இங்கேயே பதிவு போட்டேன். நிறைய லைக் வந்தது. ஒரு வாரம் கழித்துப் பாடசாலைக் கூட்டத்துக்கு அந்த அம்மாவே வந்தார். என் வகுப்பு மாணவன் ஒருவனின் தாய். கோபப்படவில்லை. "படங்கு கட்டிக்கிட்டு நனைஞ்சு நின்னப்ப எடுத்திருக்கீங்களே சேர். ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நல்ல சேலை உடுத்தி, பிள்ளையோட நின்னிருப்பேனே" என்றார். அன்றே பதிவை எடுத்துவிட்டேன். வெட்கம் மட்டும் இன்னும் போகவில்லை.

அவரது பெயரை நான் எழுதவில்லை. தோட்டத்தின் பெயரையும் எழுதவில்லை. அது அவருடைய படமே இல்லை. என் படம்.

இதில் இழப்பதற்கு என்ன இருக்கிறது என்று நினைப்பவர்கள் மீரியபெத்தையை நினைத்துப் பாருங்கள். 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தையில் மலை சரிந்து லயங்கள் புதையுண்டன. அதற்குப் பிறகு கமெராக்கள் வந்தன. இன்றும் அந்தப் பெயரைச் சொன்னால் கண்ணுக்கு வருவது மண்தான். அங்கே இஸ்தோப்பில் பிள்ளைகள் விளையாடியது, பீலிக்கரையில் சண்டை நடந்தது, தீபாவளிக்குச் சுவருக்கு வெள்ளை அடித்தது எல்லாம் எந்தப் படத்தில் இருக்கிறது? மண் வருவதற்கு முன்னும் அது ஓர் ஊர்.

நம் முஸ்லிம் ஆட்களுக்கும் இதைச் சொல்கிறேன். என் வாப்பா தோட்டத்துச் சந்தியில் கடை வைத்திருந்தார். சம்பள நாள் வரை கடன் கொப்பியில்தான் வியாபாரம். பாதை அகலமாக்கியபோது கடை உடைந்தது. இப்போது எங்களிடம் இருப்பது சாச்சியின் கல்யாணப் படம் ஒன்றுதான். அதன் மூலையில் கடைப் பலகை பாதி தெரிகிறது. அந்தப் பாதிப் பலகையைத்தான் என் பிள்ளைகளுக்குக் காட்டுகிறேன்.

ஒன்பது வளைவுப் பாலத்தை எடுக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது எங்கும் ஓடாது. எடுப்பதற்கு ஆயிரம் பேர் இருக்கிறார்கள். உங்கள் கொழுந்து மடுவத்தை, பிள்ளைக் காம்பராவை, கோயில் மரத்தை, பள்ளிவாசலின் பழைய ஹவுளை எடுக்க உங்களை விட்டால் யாரும் இல்லை. லயம் போய்த் தனி வீடு வருவது நல்லது, வரவே வேண்டும். இடிக்கும் முன் ஒரு படம் எடுத்தால் போதும்.

எடுக்கும்போது நான் விட்ட பிழையை விடாதீர்கள். முதலில் கேளுங்கள். வேண்டாம் என்றால் போனைப் பைக்குள் வையுங்கள். மற்றவர் பிள்ளைகளின் முகத்தைப் பெற்றோர் சம்மதம் இல்லாமல் இங்கே போடாதீர்கள். எடுத்த படத்தில் ஒரு பிரதி அவர்களுக்குக் கொடுங்கள்.

இன்னொன்று. படத்தின் கீழே தோட்டம், பிரிவு, திகதி மூன்றையும் எழுதுங்கள். "மேற்பிரிவு" என்று மட்டும் எழுதினால் ஐம்பது வருடத்தில் யாருக்கும் விளங்காது. மேற்பிரிவும் கீழ்ப்பிரிவும் எத்தனையோ தோட்டத்தில் உண்டு. வயதானவர்களிடம் கேட்டு, அவர்கள் அந்த மலைக்குச் சொல்லும் பெயரையும் சேர்த்து எழுதினால் இன்னும் நல்லது.

அந்தப் பசறைப் பிள்ளை இந்த வாரம் தன் அம்மம்மாவைக் கேட்டு, வீட்டு வாசலில் வைத்து ஒரு படம் எடுத்து வந்திருந்தது. அம்மம்மா நல்ல சேலை உடுத்தியிருந்தார். பின்னால் லயத்தின் இலக்கம் தெளிவாகத் தெரிகிறது. இந்த ஞாயிறு நீங்களும் ஒன்று எடுங்கள்.