மாட்டுக்கு ஆஸ்பத்திரி உண்டு, மீனுக்கு எங்கே?



நெல்லை மட்டும் நம்பாதீர்கள், பண்ணைக்குட்டை வெட்டுங்கள், மீன் விடுங்கள் என்றார்கள். வெட்டினோம், விட்டோம். கட்லாவும் ரோகுவும் எடைக்கு வருகிற மார்கழி, தை மாதத்தில் பார்த்தால் மீன் மேலே சிவப்புத் திட்டு. கொஞ்ச நாளில் அது குழிப்புண்ணாகி சதை தெரிகிறது. வியாபாரி ஒரு பார்வை பார்க்கிறார், வண்டியைத் திருப்புகிறார். கொடுத்த கடன் மட்டும் திரும்பிப் போவதில்லை!

இந்தப் புண் நோய் புதிதல்ல. 1988-ல் வடகிழக்கு மாநிலங்கள் வழியாக நம் நாட்டுக்குள் நுழைந்தது. தண்ணீரில் பரவும் ஒரு பூஞ்சைதான் காரணம். மழை முடிந்து தண்ணீர் குளிரும்போது, மீனின் தோலில் சிராய்ப்பு இருந்தால் உள்ளே இறங்கிவிடுகிறது. வாய்க்கால் வழியாக வரும் காட்டு விராலும் கெண்டையும் அதைக் குட்டைக்குக் கொண்டுவரும். மடையில் வலை கட்டுங்கள் என்று நாம் சொல்வது இதனால்தான்.

ஆனால் எல்லாப் புண்ணும் இந்தப் புண் இல்லை. மீன் பேன் கடித்தாலும் புண் வரும், இழுவலை உரசினாலும் வரும், பாக்டீரியாவாலும் வரும். எது என்று சொல்ல ஆள் வேண்டாமா? ஆள் இல்லாத இடத்தில் கடைக்காரர்தான் டாக்டர். கலர் பாட்டில் ஒன்றை எடுத்து நீட்டுகிறார், "ஊத்துங்க, சரியாயிடும்" என்கிறார். ஊற்றினோம், சரியாகவில்லை. சில இடத்தில் மனுஷனுக்கான ஆன்டிபயாடிக் மாத்திரையைத் தீவனத்தில் கலக்கச் சொல்கிறார்கள். குளோராம்பெனிக்கால், நைட்ரோஃபியூரான் எல்லாம் மீன் வளர்ப்பில் தடை செய்யப்பட்டவை. மாட்டிக்கொண்டால் பழி நம் தலையில்தான் விழும். அதோடு, பூஞ்சையை அந்த மாத்திரை ஒன்றும் செய்யாது.

நம் கையில் இருப்பது சுண்ணாம்பு. ஏக்கருக்கு 80 கிலோ அளவில், ஒரே நாளில் கொட்டாமல், தண்ணீரில் கரைத்துப் பிரித்துப் பிரித்துத் தெளிக்க வேண்டும். அதற்கு முன் தண்ணீரின் கார அமிலத் தன்மையைப் பாருங்கள். 8.5-க்கு மேலே இருந்தால் சுண்ணாம்பு போடாதீர்கள்; அம்மோனியா விஷமாகி மிச்ச மீனையும் கொன்றுவிடும். புவனேஸ்வரத்தில் உள்ள மத்திய நன்னீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் கண்டுபிடித்த சிஃபாக்ஸ் மருந்து, ஒரு மீட்டர் ஆழத் தண்ணீர் உள்ள ஏக்கருக்கு சுமார் 400 மில்லி. ஆரம்பத்திலேயே போட்டால்தான் பலன். குழி விழுந்த மீனைக் காப்பாற்றுவது கஷ்டம், பொய் சொல்ல நாங்கள் தயாரில்லை. செத்த மீனை வாய்க்காலில் வீசாதீர்கள், சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள். பக்கத்துக் குட்டையும் நம்ம ஆளுடையதுதானே.

இதெல்லாம் நாமே செய்துகொள்வோம் அய்யா. ஆனால் நோய் எதுவென்று பார்த்துச் சொல்வது யார் வேலை? மாட்டுக்குக் காய்ச்சல் என்றால் கால்நடை மருந்தகம் இருக்கிறது. மீனுக்குப் புண் என்று சொன்னால், "சாம்பிள் கொண்டு வாங்க" என்று ஜில்லா தலைநகருக்கு அனுப்புகிறார்கள். செத்த மீனைப் பையில் போட்டு இரண்டு பஸ் மாறிப் போவதற்குள் அது அழுகிவிடுகிறது. அழுகினதை வைத்து என்ன பார்ப்பார்கள்? பயிர் மூழ்கினால் கணக்கெடுக்க வருகிறவர்கள், குளம் மிதந்தால் ஏன் வருவதில்லை?

வட்டத்துக்கு ஒரு மீன் நோய் பரிசோதனை ஆள் வேண்டும். மார்கழி பிறக்கும் முன் சுண்ணாம்பு மானிய விலையில் வேண்டும். நோயில் செத்த மீனுக்கு இழப்பீடு வேண்டும்.

உங்கள் குட்டையில் சிவப்புத் திட்டு கண்ட அன்றைக்கே, சங்கக் கிளைக்குச் சொல்லிவிட்டு, தேதி போட்டு மனு எழுதி அலுவலகத்தில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கி வையுங்கள். முத்திரை போட மறுத்தால் சொல்லியனுப்புங்கள், நாங்கள் கூட்டமாக வருகிறோம்.